கொடைக்கானல் குளிரில் எது கைகொடுக்கும்: மூச்சா, நோட்டுப் புத்தகமா, நடையா, உடல் கவனிப்பா?

"மலையில் இருப்பவர்களுக்கு ஏது டென்ஷன்?" என்று மதுரைச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சீசனில் மூஞ்சிக்கல்லில் வண்டியோடு மாட்டிக்கொண்டு பார்த்தால் தெரியும். ஹோம்ஸ்டே நடத்துபவர், டாக்சி ஓட்டுபவர், மலைப்பூண்டு விலைக்காக போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பூம்பாறை விவசாயி என்று எல்லோருக்கும் பகலில் படபடப்பும் உண்டு, ராத்திரியில் புரளலும் உண்டு. இரண்டும் வேறு வேறு தொந்தரவுகள். இரண்டுக்கும் ஒரே மருந்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் "தியானமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

பகலுக்கு மூச்சுதான் என் தேர்வு. ஐந்து நொடி உள்ளே, ஐந்து நொடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். அதனால் நிதானமாக விட்டாலே படபடப்பு தணியும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் நிற்கும் பஸ் நகரும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே செய்யலாம். காசும் கிடையாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் செய்யாது.

படுக்கையில் இதே மூச்சு சிலருக்கு எதிர்வேலை செய்யும். தூக்கம் வந்ததா, வரவில்லையா என்று மனம் காவல்காரனைப் போல உட்கார்ந்துகொள்ளும். நம் பெருமாள்மலையிலேயே, இயேசு சபைத் துறவி அமா சாமி 1996-இல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. ஜென் முறையில் மூச்சைக் கவனித்து அமர்பவர்கள் கண்ணைப் பாதிதான் மூடுவார்கள். தூங்கிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். விழித்திருக்கப் பழகும் வித்தையைத் தூக்க மாத்திரையாக்கினால் எப்படி? ஆனாலும் 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைத் தள்ளிவிட முடியாது. 55 வயது தாண்டிய 49 பேரில், மனக்கவனப் பயிற்சி (மூச்சையும் உடலையும் உள்ளபடியே கவனிக்கும் தியானம்) எடுத்தவர்களின் தூக்கம், நல்ல தூக்கப் பழக்கங்களைப் பாடமாகக் கேட்டவர்களைவிட மேம்பட்டது. அந்தப் பயிற்சி ஆறு வாரம் நடந்தது. இன்று உட்கார்ந்து இன்றே தூங்கும் கதையில்லை அது.

இன்று ராத்திரியே ஏதாவது வேண்டும் என்பவருக்கு நோட்டுப் புத்தகம். நாளைக்குச் செய்ய வேண்டியதைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதுவது, அவ்வளவுதான். 2018-இல் அமெரிக்காவில் 57 இளைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதப் பலனும் கூடியது. "ரூம் வேலை" என்று எழுதினால் போதாது. "மாடி ரூம் கீசர், காலை எலெக்ட்ரீஷியனுக்கு போன்" என்று எழுத வேண்டும். இது மனக்கவனப் பயிற்சியே இல்லை என்று தியானக்காரர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

நடைக்கு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பாதை இருக்கிறது. காதில் எதுவும் மாட்டாமல், பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நடப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சமவெளி ஆட்கள் சொல்லும் "விடியற்காலை ஐந்து மணி நடை" இங்கே ஒத்துவராது. பனிமூட்டத்தில் காட்டுமாடு பத்தடியில் வந்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும். வெயில் வந்த பிறகு போங்கள். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தையும் சரிசெய்யும்.

படுத்தபடி கால்விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கும் உடல் கவனிப்பு ராத்திரிக்குப் பொருத்தமானது. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் இதுவும் ஒரு பகுதி. இங்கே ஒரு சிக்கல்: 2,100 மீட்டர் உயரத்தில், டிசம்பரில், கவனம் ஜில்லிட்ட கால்விரலை விட்டு நகரவே நகராது. முதலில் வெந்நீரில் கால் வைத்து, துடைத்து, கம்பளிக் காலுறை மாட்டிக்கொள்ளுங்கள். காலில் ரத்தக் குழாய்கள் விரிந்தால் உடலின் உட்சூடு வெளியேறும், தூக்கமும் சீக்கிரம் வரும். குளிருக்காகக் கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

அப்புறம் அந்த ஏழு மணி டீ. குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதை நிறுத்தாமல் மேலே சொன்ன நாலில் எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான். டீயையும் விட்டுப் பார்த்து, வாரத்தில் மூன்று ராத்திரி வீதம் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மனக்கவலையே காரணம் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம்.