சென்ட்ரல் வரை கொண்டுபோய் விட்ட டிக்கெட், ₹14,800 போச்சு

காரைக்குடிப் பக்கம் ஜெராக்ஸ், பணம் அனுப்புதல், ரயில் டிக்கெட் எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும் கடையில் டிக்கெட் போட்டிருப்பவர்கள் இப்போதே டிக்கெட்டிலுள்ள பி.என்.ஆர். நம்பரைப் போட்டு சீட் உறுதியா என்று பாருங்கள்.

நாங்கள் அங்கே போட்டது: சென்னை சென்ட்ரலிலிருந்து காசிக்கு, கங்கா காவிரி ரயில், மூன்றடுக்கு ஏசி, நாலு பேர். தலைக்கு ₹3,700, மொத்தம் ₹14,800. காசி நகரத்தார் சத்திரத்தில் ரூம்கூடச் சொல்லியாச்சு. பிளாட்பாரத்தில் டி.டி.இ. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "வெயிட்டிங் லிஸ்ட்மா. பயணிகள் சார்ட் போட்டதும் தானாவே கேன்சல் ஆயிருச்சு, ஏறக்கூடாது" என்கிறார்.

முந்தின நாள் சாயங்காலம் கடைக்காரன் சொன்னது: "ஈ.க்யூ., அதான் எமர்ஜென்சி கோட்டா, கிடைச்சிருச்சு ஆச்சி. நீங்க பலகாரத்தைக் கட்டுங்க, சீட்டு என் பொறுப்பு." பி4, 17 முதல் 20 என்று அச்சடித்த தாளையும் நீட்டினான். நம்பியது அங்கேதான். ஈ.க்யூ.வை சார்ட் போடும் நேரத்தில்தான் விடுவார்கள், அதற்கு முன்னாலேயே வராது. அதற்கு ரயில்வே தனிக் காசும் வாங்காது. இவன் அதற்கென்றே தலைக்கு ₹1,500 சேர்த்திருக்கிறான்.

தாளை இப்போது உற்றுப் பார்த்தால் சீட் நம்பர் மட்டும் தடித்த எழுத்து. அடிப்பக்கம் கத்தரிக்கோல் கோணலாகப் போயிருக்கிறது. தனிநபர் ஐ.டி.யில் எடுத்த டிக்கெட்டின் அடியில், அதை விற்பதும் வாங்குவதும் ரயில்வே சட்டம் 143-வது பிரிவில் குற்றம் என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் நறுக்கியிருக்கிறான். டிக்கெட்டுக்குக் கொடுத்த செல் நம்பரும் அவனுடையதே, மெசேஜ் எல்லாம் அவனுக்குத்தான் போகும். கேன்சலான டிக்கெட்டின் பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அங்கேயே திரும்பும். அதாவது அவன் கணக்குக்கு!

கேட்டால் முதலில் "சர்வர் கோளாறு". பிறகு "ரயில்வே பணம் வர ஏழு நாளாகும்". எட்டாம் நாள் "முதலாளி தேவகோட்டை போயிருக்காரு". இப்போது போனே எடுப்பதில்லை. ₹14,800, ஒரு ரூபாய் திரும்பவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. உங்கள் செல் நம்பரைத்தான் கொடுங்கள். பி.என்.ஆரை நீங்களே 139-க்கு அனுப்பிப் பாருங்கள். உரிமம் உள்ள ஏஜென்ட் டிக்கெட்டில் அவர் பெயர் அச்சாகியிருக்கும், ஏசிக்கு அவர் கூலி ₹40-ம் வரியும்தான். காசு கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை.

கடை இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. வாசலில் நாலைந்து பேர் நிற்கிறார்கள்.