ஸ்காபரோவில் மிட்வைஃப் சேவை: ஊரில் அதே வேலை பார்த்தவளின் கருத்து

நான் வடமராட்சியில் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மகளின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக ஸ்காபரோ வந்திருந்தேன். மகள் மிட்வைஃபிடம் பதிந்திருக்கிறாள் என்றதும் சொந்தக்காரருக்குள் ஒரே கதை. "கனடாவுக்கு வந்தும் மருத்துவிச்சியோ?" என்று ஒரு மாமி நேரேயே கேட்டா. அதே கேள்வி வேறு வீடுகளிலும் எழும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் மிட்வைஃப் தொழில் 1994 முதல் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்டது. நாலு வருசப் பட்டப்படிப்பு. செலவு மாகாண அரசினுடையது, ஹெல்த் கார்ட் (மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி அட்டை) இன்னும் கைக்கு வராதவர்களையும் பார்ப்பார்கள். வீட்டிலும் பெறலாம், ஆஸ்பத்திரியிலும் பெறலாம். மகள் ஆஸ்பத்திரியைத் தெரிவு செய்தாள். பிள்ளை பிறந்து 6 கிழமை வரை தாய், பிள்ளை இருவரும் அவர்கள் பொறுப்பு.

பேச்சு இனிமையாக இருக்கிறதா, கிளினிக் வடிவாக இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. டொக்டரை எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதுதான் என் கண்ணில் இருந்தது. நல்ல மிட்வைஃபுக்கு அதுதான் பரீட்சை.

37 கிழமை முடிந்த நேரம் பிரஷர் 142/92 காட்டியது. மிட்வைஃப் பதறவில்லை, சும்மா விடவும் இல்லை. மகளை ஆறுதலாக இருக்கவிட்டு, கைக்கு அளவான பட்டிதானா என்று பார்த்து, திரும்ப எடுத்தா. இறங்கவில்லை. தலையிடி இருக்கிறதா, கண் மங்குகிறதா, நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் நோகிறதா, வயிற்றில் பிள்ளையின் அசைவு முன்போலவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. சலத்தில் புரதம் பார்த்தா. எங்களுக்கு முன்னாலேயே மகப்பேற்று வைத்திய நிபுணருக்குப் போன் எடுத்தா. அடுத்த கிழமை வாருங்கள் என்று அனுப்பவில்லை. 140/90-ஐத் தொட்டால் கூடின பிரஷர் என்ற கோடு பருத்தித்துறையிலும் ஸ்காபரோவிலும் ஒன்றுதான். ஊரில் நாங்கள் கர்ப்பிணிப் பதிவேட்டில் குறித்து, சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கோ நேரே ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவோம்.

இங்கே நான் புதிதாகக் கண்டது, ஆலோசனை கேட்பதையும் பொறுப்பை ஒப்படைப்பதையும் வேறு வேறாகப் பிரித்து வைத்திருப்பது. ஆலோசனை என்றால் நிபுணர் பார்த்து வழி சொல்லுவார், மிட்வைஃப் தொடர்ந்து பார்ப்பா. ஒப்படைத்தால் முடிவெல்லாம் டொக்டருடையது, மிட்வைஃப் துணைக்கு நிற்பா. மகளுக்கு முதலில் ஆலோசனை. இரத்தப் பரிசோதனை வந்த பிறகு, மருந்து ஏற்றி வலி வரவைப்பது நல்லது என்று நிபுணர் சொன்னார். அந்தக் கட்டத்திலிருந்து பொறுப்பு அவருடையது. இப்போது யார் பொறுப்பு என்பதை மிட்வைஃப் மகளிடம் வாயால் சொல்லி, கோப்பிலும் எழுதினா. பிறகும் எழும்பிப் போகவில்லை. பேத்தி சுகமாகப் பிறந்தாள்.

மூன்றாம் நாள் மிட்வைஃப் தராசோடு வீட்டுக்கு வந்தா. பிறந்தபோது 3 கிலோ 120 கிராம் இருந்த பிள்ளை 2 கிலோ 800-க்கு வந்திருந்தது. பத்து வீதத்தைத் தாண்டிய இறக்கம். பிள்ளை பால் குடிக்காமல் நித்திரையாகவே கிடந்தது, பம்பர்ஸில் செங்கல் நிறத்தில் கறை. நெஞ்சுத் தோலை விரலால் அழுத்திப் பார்த்தா, மஞ்சள் தெரிந்தது. காலை வெயிலில் பிடித்தால் செங்கண்மாரி போய்விடும் என்று மாமி போனில் சொல்லிக்கொண்டிருந்தா. வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று மிட்வைஃப் தெளிவாகச் சொல்லி, குதிக்காலில் இரத்தம் எடுத்து அனுப்பினா. பால் கறந்து ஊட்டுவதற்கு மகளுக்கு ஒழுங்கு சொன்னா. பின்னேரம் முடிவு வந்ததும் தானே அழைத்து, குழந்தை வைத்திய நிபுணரிடம் பேசிவிட்டேன், இப்போதே வெளிக்கிடுங்கள் என்றா. இரவு பிள்ளை, மஞ்சளைக் குறைக்கும் நீல வெளிச்சத்துக்குக் கீழே. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் இன்னும் அவசரம் என்பதையும், காய்ச்சல், மூச்சுத் திணறல், பால் குடிக்க மறுப்பது இவற்றுக்குக் காலை வரை பார்த்திருக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தா.

குறையும் உண்டு. அன்று ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் விவரம் யாருக்கும் தெரியவில்லை. மிட்வைஃப் டொக்டரிடம் சொன்னது வரவேற்பு மேசைக்கு வந்து சேரவில்லை. பிள்ளை பெற்று மூன்று நாளேயான தாய் கதிரையில் இருந்து முதலிலிருந்து எல்லாம் சொல்லவேண்டியிருந்தது. மிட்வைஃப் திரும்பப் போனில் வந்துதான் அலுவல் நடந்தது. கையோடு ஒரு துண்டு எழுதித் தந்திருந்தால் அந்தக் காத்திருப்பு இருந்திருக்காது. ஊரில் தாயின் பதிவேடு தாயின் கையிலேயே இருக்கும், அந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கிளினிக்கில் தந்த அறிவுறுத்தல் தாள்களும் ஆங்கிலத்தில் மட்டும். பிள்ளையோடு பகல் முழுக்க வீட்டில் இருப்பது நாங்கள், அம்மம்மாமார். ஸ்காபரோவில் அந்தத் தாள் தமிழில் இருக்கவேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

பதியப் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எந்தெந்த நிலைமைக்கு டொக்டரைக் கூப்பிடுவீர்கள், எந்த ஆஸ்பத்திரி, முதுகில் வலி குறைக்கும் ஊசி போட்டால் பொறுப்பு மாறுமா? கடைசிக் கேள்விக்கு விடை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். முன்பே பிரஷரோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள், தொடக்கத்திலேயே நிபுணரிடம் அனுப்பக்கூடும். இடம் கெதியில் நிரம்பிவிடும். பிள்ளை தங்கியது தெரிந்த கிழமையே மகள் போன் எடுத்தாள், அப்படியும் முதலில் கேட்ட கிளினிக்கில் இடம் இல்லை.