சால்டேர்: தறிகள் நின்ற பின்னும் பார்க்க வேண்டிய ஆலை நகரம்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்கு அருகில், அல்பாகா என்ற தென் அமெரிக்க விலங்கின் கம்பளித் துணியால் பெரும் செல்வம் ஈட்டிய டைட்டஸ் சால்ட் 1853இல் ஆலையைத் திறந்து, அதைச் சுற்றித் தொழிலாளர்களுக்காக எழுப்பிய சால்டேர், 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. லீட்ஸிலிருந்து வரும் ரயில் ஆலையின் வாசலருகிலேயே இறக்கிவிடுகிறது.

1986இல் உற்பத்தி நின்ற ஆலையை மறு ஆண்டே தொழில்முனைவோர் ஜோனதன் சில்வர் வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் ஓவியங்களுக்கான கூடமாக மாற்றினார், அனுமதி இலவசம். நூற்பு இயந்திரங்கள் நின்ற நீண்ட தளங்களில் இன்று ஓவியங்களும் புத்தகக் கடையும் உணவகமும் இருக்கின்றன. ஓவியத்தில் நாட்டமில்லாதவர்கூட அந்த இடத்தின் விரிவுக்காகவே ஒரு மணி நேரம் செலவிடலாம். ஆனால் தறி ஓடுவதைக் காண விரும்புபவர்கள் ஏமாறுவார்கள். அவர்களுக்கு பிராட்ஃபோர்டு தொழில் அருங்காட்சியகமே பொருத்தமானது.

தெருக்களில் நடப்பதைத் தவிர்க்கக் கூடாது. பலவும் சால்ட்டின் பிள்ளைகளின் பெயர் தாங்கிய அத்தெருக்களில், மேற்பார்வையாளர் வீடு எது, சாதாரணத் தொழிலாளி வீடு எது என்பதை அளவே காட்டிக்கொடுக்கிறது. மதுக்கடைக்கு இடமளிக்காத முதலாளியின் பரிவில் கண்காணிப்பும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. தேவாலயமும் விக்டோரியா மண்டபமும் அழகானவை. ஏர் ஆற்றைக் கடந்தால் ராபர்ட்ஸ் பூங்கா. சிறுவர்களுடன் செல்வோர், 1895இல் தொடங்கிய, கம்பிவடத்தால் சரிவில் ஏறும் ஷிப்லி கிளென் டிராம் ஓடும் நாளைக் கேட்டறிந்து புறப்படுவது நல்லது. கால்வாயோரமாக நடந்தே படகுகளைப் படிப்படியாக ஏற்றியிறக்கும் பிங்லியின் ஐந்தடுக்கு மதகுகளையும் அடையலாம்.