கத்தரிக்கோலைப் பிடிக்கச் சொன்ன வக்கீல்: இலவச சட்ட உதவியில் என் அனுபவம்

விபத்து வழக்குக்கு இலவச வக்கீல் சரிப்படுமா என்று என் தையல் கடைக்கு வருகிற பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக்கதையும் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். இலவச வக்கீலைத் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழு; எங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அதன் அலுவலகத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

2024 பிப்ரவரியில் ஒரு நாள், இரவு எட்டு மணி. கணவர் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நான்குவழிச்சாலையில் எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு மினி வேன் எதிர்த்திசையில் எங்கள் பக்கமே வந்தது. திரும்புவதற்கு ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும் என்பதால் அங்கே பலரும் அப்படித்தான் வருகிறார்கள். கம்பங்களில் விளக்கு எரியாது, ஓரத்தில் மண் சேர்ந்து கிடக்கும். கணவர் ஒதுங்கப் பார்த்தார், மண்ணில் சக்கரம் சறுக்கியது, வேன் இடித்துவிட்டது. இருவருமே ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. கணவருக்குச் சிராய்ப்புதான். எனக்கு வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்தார்கள். முதல் இரண்டு நாள் செலவை இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டம் பார்த்துக்கொண்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. அன்றைய நிலைமையில் அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வார்டுக்கே ஒருவர் வந்தார். வக்கீலை நியமிக்கும் வக்காலத்துப் படிவத்தையும் சில வெற்றுத் தாள்களையும் நீட்டி, "இடது கைரேகை போதும்மா, மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம், வர்ற பணத்துல மூணுல ஒரு பங்கு எங்களுக்கு" என்றார். பக்கத்துப் படுக்கை அம்மா வைத்துவிட்டார். என் கணவர் யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார். கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்தக் கூடாது என்று வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்து விசாரித்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போனோம். வருமானச் சான்று கேட்பார்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. 1987ஆம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம். ஆதார், எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி இவ்வளவுதான். விண்ணப்பத்தை நிரப்ப அங்கிருந்த சட்டத் தன்னார்வலர் பெண் உதவினார். பத்து நாளில் ஒரு பேனல் வக்கீலை, அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீலை, நியமித்தார்கள்.

வக்கீல் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். ஃபைலைப் புரட்டுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டது: "அக்கா, இந்தக் கையால என்னென்ன வேலை செய்வீங்க?" பிளவுஸ் வெட்டுவது, ஆரி வேலை, ஊக்கு கட்டுவது என்று சொன்னேன். மேசையில் இருந்த கத்தரிக்கோலைக் கொடுத்து ஒரு தாளை வெட்டச் சொன்னார். பாதி வெட்டுவதற்குள் விரல் மரத்து, கத்தரிக்கோல் நழுவிவிட்டது. அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அப்புறம் மூன்று வருட ஆர்டர் நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். வருமானத்துக்கு ஆதாரம் அதுதான் என்றார்.

அந்த ஒரு கேள்விதான் என் வழக்கையே தூக்கி நிறுத்தியது. மெடிக்கல் போர்டு எனக்கு 18 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருந்தது. இன்சூரன்ஸ் தரப்பு, வருமான இழப்பும் அதே 18 சதவீதம்தான் என்றது. மேடம் விடவில்லை. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து வைத்தார்: உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு, ஒரு கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும், அலுவலகக் கிளார்க்குக்கு அந்த அளவு போகாது. ஆரி ஊசியை வலது கையால்தானே பிடிக்கிறேன்? வேன் எந்தப் பக்கம் வந்தது என்பதையும் போலீஸ் ஸ்கெட்சையும், இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும் வைத்தே காட்டிவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. அலுவலகம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. கால் உடைந்தவர்கள் வரும் இடத்தில் இது பெரிய குறை. மேடத்துக்கு வேறு வழக்குகளும் இருப்பதால் போனில் பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். வாய்தா, வாய்தா என்று ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். அரை மதிப்பெண் மாடிக்கு, அரை மதிப்பெண் போனுக்குக் குறைத்திருக்கிறேன்.

கடைசியில் இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) உட்கார்ந்தோம். இன்சூரன்ஸ் தரப்பு மூன்றே கால் லட்சத்தில் ஆரம்பித்தது. அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பிறகு இரு தரப்புமே அப்பீல் போக முடியாது என்பதை மேடம் இரண்டு முறை விளக்கினார். எழுந்து போகவும் எனக்கு உரிமை உண்டு என்றார். 6,10,000 ரூபாய்க்கு முடிந்தது. முழுத்தொகையும் என் கணக்குக்கு வந்தது, யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை.

போகிறவர்கள் பிசியோதெரபி பில், மருந்து பில், ஆட்டோ ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாளையும் கடத்தாதீர்கள்; மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தத்தில் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும் என்று இருக்கிறது. இடித்த வண்டி நிற்காமல் போயிருந்தாலும் வாருங்கள். பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று அதற்கும் நிவாரணம் உண்டு.

விபத்து நடந்த அந்த இடத்தில் விளக்குப் போடச் சொல்லியும் மண்ணை அள்ளச் சொல்லியும் ஒரு மனு எழுதித் தரும்படி மேடத்திடம் கேட்டேன். வழக்கு முடிந்த பிறகும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார். மண்ணை அள்ளிவிட்டார்கள். விளக்குக்காகப் போன வாரம் இரண்டாவது மனு கொடுத்திருக்கிறேன்.