கிளிநொச்சிப் பக்கம் கொம்பியூட்டர் கிளாஸுக்குக் காசு கட்டப்போகிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்

28,000 ரூபா. அம்மா கச்சான் விற்ற காசும் சீட்டுக் காசும் சேர்த்துக் கட்டியது. அந்த இடத்தின் பெயரை நான் போடவில்லை, போட்டால் வழக்கு என்று வெருட்டுவார்கள், ஏற்கெனவே ஒருக்கா வெருட்டியாச்சு. ஏ9 வீதிப் பக்கம் மாடியில் நடக்கிற தனியார் கணினி வகுப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தேவைப்பட்டது பெரிய படிப்பு ஒன்றுமில்லை. அலுவலக வேலை எதற்கு விண்ணப்பித்தாலும் கணினி அறிவு கேட்கிறார்கள். வேர்டில் தமிழில் ஒரு கடிதம் ஒழுங்காக ரைப் பண்ண, அட்டவணை போட, பக்க எண் போட, ஏ4 தாளில் ஓரம் பிசகாமல் பிரின்ட் எடுக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் போனேன்.

போன அன்று நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, காற்றாடியை அவ பக்கம் திருப்பிவிட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, “தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ, மூண்டு மாசத்தில நீங்கள் ஒரு ஒப்பீஸையே நடத்துவீங்கள்” என்றார் அந்தச் சேர். ஆளுக்கொரு கொம்பியூட்டர், தமிழ் ரைப்பிங், வேர்ட், எக்செல், கடைசியில் என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். என்.வி.கியூ உண்மையாகவே கிடைக்குமா சேர் என்று நான் திரும்பவும் கேட்டேன். அவர் பேசாமல் சுவரைக் காட்டினார். அரச இலச்சினையோடு பிரேம் போட்ட ஒரு பத்திரம். “கவர்மென்ட் பதிவு, பாருங்கோ அம்மா.” இலச்சினையைக் கண்டதும் அம்மா காசை எடுத்துவிட்டா, முழுவதும் ஒரேயடியாகக் கட்டினால் கழிவு என்றதும் எண்ணிக் கொடுத்தேவிட்டா.

அந்தப் பத்திரம் வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடை திறக்கிறவரும் பிரதேச செயலகத்தில் எடுக்கிற அதே பதிவு! படிப்பிப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வகுப்பைப் பற்றி என்ன சொல்ல. ஒரு கொம்பியூட்டருக்கு மூன்று நான்கு பேர், மவுஸ் கைக்கு வரும்போது நேரம் முடிந்துவிடும். படிப்பித்தது போன பட்சில் படித்து முடித்த ஒரு பெடியன், அவனில் பிழை சொல்ல மாட்டேன், அவனுக்கே சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கவில்லையாம். வேர்ட் என்றால் என்ன என்று கொப்பியில் எழுத வைத்தார்கள். பிறந்தநாள் வாழ்த்து அட்டை செய்ய வைத்தார்கள், வளைந்த எழுத்து, பூ, பலூன் எல்லாம் போட்டு. எந்த அலுவலகத்தில் பலூன் கேட்கிறார்கள்? தமிழ் ரைப்பிங் என்று தந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசைப்பலகைப் படத்தின் போட்டோ கொப்பி ஒன்று.

பிறகு ஒரு அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. கூட்ட அறிவித்தல் ஒன்றைத் தமிழில் ரைப் பண்ணி பென் டிரைவில் தரச் சொன்னார்கள், தங்கள் மடிக்கணினியையே தந்தார்கள். அதில் பாமினி இருந்தது, சந்தோசமாக அடித்துக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஐயா தன் கொம்பியூட்டரில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கும், தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துரு மட்டும்தான், அது இல்லாத கொம்பியூட்டரில் இப்படித்தான் சிதறும். எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அடித்திருந்தால் எங்கே திறந்தாலும் தமிழாகவே வரும். இந்த ஒரு விசயத்தைக் கூட அந்த இடத்தில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்து, ஒரே கடிதத்தைப் பட்டியலில் இருக்கிற எல்லாருடைய பெயருக்கும் தனித்தனியாக எடுக்கிற மெயில் மெர்ஜ் தெரியுமா என்று கேட்டார்கள். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். கடைசியில் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது என்.வி.கியூ இல்லையே” என்றார் ஐயா. லமினேட் பண்ணிய கலர் தாள், அவர்களே அடித்தது. 28,000 ரூபாவுக்கு.

அதற்குப் பிறகு கோல் எடுத்தால் சேர் மீட்டிங்கில், சேர் கொழும்பில், சேர் சாப்பிடுகிறார். நேரே போனால் வரவேற்பில் இருக்கிற அக்கா, “அடுத்த பட்சில வந்து இருங்கோவன், காசு வேண்டாம்” என்கிறா. எனக்கு இன்னொரு பலூன் வேண்டாம் அக்கா, காசு வேண்டும். பற்றுச்சீட்டைப் பாருங்கள் என்றார்கள், பார்த்தேன், ‘பதிவுக் கட்டணம், மீளளிக்கப்பட மாட்டாது’ என்று மட்டும் இருக்கிறது, என்ன பாடநெறி என்றே எழுதவில்லை. ஒருநாள் சேரே போனை எடுத்து, “படிக்கிறது உங்கட கெட்டித்தனம் தங்கச்சி, நாங்கள் என்ன செய்யிறது” என்றார். இப்போது வட்ஸ்அப்பில் புளொக்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. சுருக்கமாக: என்.வி.கியூ என்று சொன்னால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நிலையத்துக்குப் பதிவு இருந்தாலும் அந்தப் பாடநெறிக்குத் தனியாக அங்கீகாரம் வேண்டும், அதையும் கேளுங்கள். முழுக் காசையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். பற்றுச்சீட்டில் பாடநெறியின் பெயரை எழுத வையுங்கள். தனியாரிடம் போக முதல் தொழிற் பயிற்சி அதிகார சபையையும் அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் விசாரியுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் எடுங்கள், நானும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

அடுத்த பட்சுக்கு விசுவமடுச் சந்தி வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இந்த முறை 32,000 ரூபா.