70 ஆயிரம் ரூபாயில் கேமிங் லேப்டாப்: 3050 வாங்குவதா, 4050-க்கு நீட்டுவதா?

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வேண்டும். அதிலேயே கேமும் ஓட வேண்டும். கையில் இருப்பது 60 முதல் 75 ஆயிரம். இப்படிக் கேட்பவர்கள் கூடவே நான்கு லிங்க்கும் அனுப்பிவிடுகிறார்கள்: ஹெச்பி விக்டஸ் 15, லெனோவோ எல்ஓக்யூ, ஆசஸ் டஃப், ஏசர் நைட்ரோ வி. விலையில் ஐந்தாயிரம்தான் முன்னே பின்னே. எல்லாவற்றிலும் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) திரை, எல்லாவற்றிலும் ஆர்டிஎக்ஸ் ஸ்டிக்கர். இதில் எந்த பிராண்ட் நல்லது என்று கேட்கிறார்கள்.

இந்த விலையில் பிராண்டைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கேமின் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு எது (என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2050, 3050, 4050 என்ற எண்கள் இதைத்தான் சொல்கின்றன), அந்தக் கார்டுக்கு எத்தனை வாட் கிடைக்கிறது, என்ன திரை என்ற மூன்றும் முடிவான பிறகு மூடியில் என்ன லோகோ என்று பாருங்கள். ஒரே பிராண்டில், ஒரே பெயரில், வாங்கலாம் என்று சொல்லக்கூடிய மாடலும் இருக்கிறது, தொடவே கூடாத மாடலும் இருக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு 3050

முதலில் 2050-ஐ முடித்துவிடலாம். பெயரில் 20 இருந்தாலும் உள்ளே இருப்பது 3050-இன் அதே 'ஆம்பியர்' என்ற தலைமுறை சிப்தான், 2048 கூடா கோர்களுடன் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்). ஆனால் மெமரிக்குப் போகும் பாதை 64 பிட்தான், மெமரியும் 4 ஜிபிதான். வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மட்டும் ஆடுவேன், 50 ஆயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூட இல்லை என்பவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

அடுத்தது 3050. கடைக்காரர் 3050 என்று சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஜிபி என்பது. அவர் ராம் அளவைச் சொல்வார். ராம் இல்லை, கார்டின் மெமரி எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள். 2021-இல் வந்த 3050-இல் 4 ஜிபி, 2048 கோர். 2023-இல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்று வந்தது, அதில் 2560 கோர். இரண்டும் இன்றும் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. ஸ்டிக்கரும் ஒன்றுதான்.

4 ஜிபி ஏன் போதாது? கேமின் டெக்ஸ்சர்கள் (சுவர், தரை, முகம் எல்லாவற்றின் மேலும் ஒட்டும் படங்கள்) கார்டின் மெமரியில் உட்கார வேண்டும். இடம் நிறைந்துவிட்டால் மிச்சம் லேப்டாப்பின் சாதாரண ராமுக்குப் போகும். அங்கிருந்து தேவைப்படும்போதெல்லாம் இழுத்து வர நேரம் பிடிக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 60 என்று காட்டும், ஆனால் ஒரு தெரு திரும்பும்போது, ஒரு வெடிப்பு நடக்கும்போது படம் அப்படியே நின்று நின்று ஓடும். யூடியூப் பெஞ்ச்மார்க்கில் சராசரி எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. ஒரு சதவீதக் குறைந்தபட்ச எண் (1% லோ, ஆட்டம் மிக மோசமாகத் தடுமாறும் நேரத்து எஃப்பிஎஸ்) என்று தனியாகக் காட்டுவார்கள், அதைப் பாருங்கள். 4 ஜிபி கார்டின் நிலைமை அதில்தான் தெரியும்.

தாளில் ஒன்று, ஆட்டத்தில் வேறு

இப்போது 3050 6 ஜிபி, 4050 இரண்டையும் பக்கத்தில் வைப்போம். இந்த பட்ஜெட்டில் உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான். 3050-இல் 2560 கோர், 4050-இலும் 2560 கோர். இரண்டிலும் 6 ஜிபி, இரண்டிலும் 96 பிட் பாதை. பிறகு எதற்குப் பத்து, பன்னிரண்டு ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

வித்தியாசம் அந்த எண்களுக்கு உள்ளே இருக்கிறது. 3050 சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது. 4050 டிஎஸ்எம்சி-யின் மேம்பட்ட முறையில் செய்தது. அதே மின்சாரத்துக்கு 4050-இன் கோர்கள் மிக அதிக வேகத்தில் சுற்றும், எளிதாக 2 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டும். சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரியான எல்2 கேஷ் 3050-இல் 2 எம்பி, 4050-இல் 12 எம்பி. மெமரிப் பாதை குறுகலாக இருந்தும் 4050 திணறாமல் ஓட அந்த கேஷ் ஒரு பெரிய காரணம். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேமில் 3050 தடுமாறும் செட்டிங்கில் 4050 நிதானமாக ஓடும்.

டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் (இரண்டு படங்களுக்கு நடுவே கார்டே ஒரு படத்தை உருவாக்கிச் சேர்க்கும் என்விடியா வசதி) 4050-இல் உண்டு, 3050-இல் கிடையாது. அதை மட்டும் நம்பி 4050 வாங்காதீர்கள். ஏற்கெனவே 50, 60 எஃப்பிஎஸ் ஓடும் கேமை அது இன்னும் மென்மையாகக் காட்டும். 25-இல் முக்கிக்கொண்டிருக்கும் கேமை எண்ணில் 45 ஆக்கிக் காட்டும், ஆனால் மவுஸை அசைத்தால் கைக்கு அந்த இழுவை தெரியும். மேலும் அந்த வசதிக்கே கொஞ்சம் கார்டு மெமரி செலவாகும். 6 ஜிபி-யில் அது சின்ன விஷயம் இல்லை.

6 ஜிபி-யும் வசதியான அளவு இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 2024-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி கார்டு என்று கேட்கின்றன. 2025-இல் வந்த 5050 லேப்டாப் கார்டில் 8 ஜிபி இருக்கிறது, அதுவும் ஜிடிடிஆர்7 என்ற புதிய, வேகமான மெமரி வகை. டெஸ்க்டாப்புக்கான 5050-இலேயே ஜிடிடிஆர்6 தான். பட்ஜெட்டில் துண்டு விழாமல் 80 ஆயிரத்தைத் தாண்ட முடிந்தால் 4050-ஐ விட்டுவிட்டு அங்கே போய்விடலாம். கடன் வாங்கி, வட்டி கட்டி அங்கே போக வேண்டாம்.

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

4050 என்று முடிவு செய்தாலும் வேலை முடியவில்லை. இந்தக் கார்டுக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் மின்சாரம் கொடுக்கலாம் என்று என்விடியா தயாரிப்பாளர்களிடம் விட்டிருக்கிறது. மெல்லிய உடம்பில் 50 வாட் கொடுத்தாலும் பெயர் 4050 தான், தடித்த உடம்பில் 100 வாட் கொடுத்தாலும் 4050 தான். இந்த வாட் அளவை டிஜிபி என்று மாடலின் ஸ்பெக் பக்கத்தில் குறித்திருப்பார்கள். 2021-இல் இருந்து இதை வெளியிடச் சொல்லி என்விடியாவே கேட்டிருக்கிறது. ஷாப்பிங் தளங்களின் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது, தயாரிப்பாளரின் பக்கத்துக்குப் போக வேண்டும்.

கடையில் நிற்கும்போது இன்னொரு வழி இருக்கிறது. சார்ஜர் கட்டியைத் திருப்பி, அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். 19.5 வோல்ட், 6.92 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 135 வாட். 20 வோல்ட், 8.5 ஆம்பியர் என்றால் 170 வாட். 20 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 200. பிராசஸருக்கு 45 வாட், திரைக்கும் ஃபேனுக்கும் மற்றதுக்கும் ஒரு 20 வாட் போனால், 135 வாட் சார்ஜரால் கார்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். 70 வாட்டைச் சுற்றித்தான். ஏசர் நைட்ரோ வி இந்த வகை. அது தவறான லேப்டாப் இல்லை. எடை குறைவு, விலையும் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் குறைவு, இன்டெல் மாடல்களில் தண்டர்போல்ட் 4 (வேகமான யுஎஸ்பி-சி வகை) போர்ட் வேறு இருக்கிறது. ஆனால் அதே பெயர்கொண்ட கார்டு எல்ஓக்யூவில் கூடுதல் வாட்டில் ஓடும் மாடல் மூன்றாயிரம் தள்ளிக் கிடைத்தால் நான் எல்ஓக்யூவைத்தான் சொல்வேன்.

மறுபக்கம், பூஸ்டில் கூட்டித் தரும் வாட்டையும் சேர்த்து 140 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். இந்தத் தலைமுறையின் 4050, 4060 இரண்டும் ஏறக்குறைய 100 வாட்டுக்கு மேல் கொடுத்தாலும் வேகம் கூடுவதில்லை. 75 வாட்டுக்கும் 95 வாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. 105-க்கும் 140-க்கும் நடுவில் பணம் போடத் தேவையில்லை.

நான்கு உடம்புகள்

எல்ஓக்யூ-வின் பலம் திரை. பெரும்பாலான மாடல்களில் நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி வண்ணம் (எஸ்ஆர்ஜிபி என்பது திரைகளுக்கான பொதுவான வண்ண அளவுகோல்), 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அல்லது அதற்கு மேல் வெளிச்சம். பவர், ஹெச்டிஎம்ஐ போர்ட்கள் பின்பக்கம் இருப்பதால் மவுஸ் பக்கம் ஒயர் இடிக்காது. எல்ஓக்யூ எசென்ஷியல் என்று ஒரு மலிவு வரிசையும் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதையும் இதையும் ஒன்று என்று எடுத்துவிடாதீர்கள்.

விக்டஸ் 15-உம் நைட்ரோ வி-யும் இந்த விலையில் பெரும்பாலும் 45 சதவீத என்டிஎஸ்சி (இன்னொரு வண்ண அளவுகோல்) திரையோடு வருகின்றன. வண்ணம் வெளிறித் தெரியும், 250 நிட்ஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இருண்ட காட்சிகளில் எதிரி எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. ஃபோட்டோ, வீடியோ எடிட்டிங் செய்யப் போகும் மாணவருக்கு இந்தத் திரையை நான் சொல்ல மாட்டேன். வீட்டில் நல்ல மானிட்டர் இருந்தால் இந்தக் குறை பாதியாகக் குறைந்துவிடும். விக்டஸில் பேட்டரி 52.5 வாட்-ஹவர், 70 வாட்-ஹவர் என்று இரண்டு அளவில் வருகிறது. வகுப்புக்குத் தூக்கிப் போகிறவர்கள் 70 இருக்கும் மாடலைத் தேடுங்கள்.

டஃப் வரிசை கொஞ்சம் சிக்கல். ரைசன் 7 7435ஹெச்எஸ் என்ற பிராசஸரோடு நிறைய விற்கிறது. எட்டு கோர், பதினாறு த்ரெட் என்றவுடன் ஐ5 12450ஹெச்-ஐவிட மேல் என்று தோன்றும். கனமான வேலைக்கு மேல்தான். ஆனால் அந்தப் பிராசஸருக்குள் சொந்தமாகக் கிராபிக்ஸ் கிடையாது. பிடிஎஃப் படித்தாலும் என்விடியா கார்டு விழித்தபடியே இருக்கும், பேட்டரி வேகமாக இறங்கும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. படம் நேராகக் கார்டிலிருந்து திரைக்குப் போகிறது, மக்ஸ் சுவிட்ச் (கார்டை நேராகத் திரையோடு இணைக்கும் வசதி) இல்லாத லேப்டாப்களில் நடுவில் இழக்கும் எஃப்பிஎஸ் இதில் இழப்பதில்லை. ஆகவே எப்போதும் மேசையில், ப்ளக்கிலேயே வைத்து ஆடுகிறவருக்கு இது நல்ல தேர்வு. நாள் முழுக்க வகுப்பில் இருப்பவருக்கு இல்லை. டஃபில் 48 வாட்-ஹவர் பேட்டரியும் வருகிறது, 90-உம் வருகிறது. 7435ஹெச்எஸ்-உடன் 48 என்ற கூட்டணி கல்லூரிக்கு ஆகாது. இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் 7435ஹெச்எஸ் டஃப் மாடல்களில் அந்தப் பழைய 4 ஜிபி 3050 இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வலுவான பிராசஸர், வலுவில்லாத கார்டு என்ற சேர்க்கை கேமுக்கு உதவாது.

ராம் பற்றி பழைய யோசனை இப்போது செல்லாது

8 ஜிபி-யோடு வாங்கு, பிறகு ஒரு ஸ்டிக் போட்டுக்கொள் என்று பல வருடம் சொல்லி வந்தோம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. இப்போது 16 ஜிபி உள்ள மாடலை எடுப்பதுதான் பெரும்பாலும் லாபம். அதுவும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக இருந்தால் இன்னும் நல்லது. ஒற்றை ஸ்டிக்கில் ஓடினால் வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்று பிராசஸரை நம்பியிருக்கும் கேம்களில் எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும்.

லேப்டாப்தான் வேண்டுமா?

பிள்ளை வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறது, ஏற்கெனவே சுமாரான ஒரு லேப்டாப் இருக்கிறது என்றால் இதே பணத்துக்கு டெஸ்க்டாப் பற்றி யோசியுங்கள். 8 ஜிபி கார்டு கிடைக்கும், வாட் சண்டை இல்லை, மூன்று வருடம் கழித்துக் கார்டை மட்டும் மாற்றலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொட்டேஷன் வாங்கும்போது மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பவர் கட் ஆகும் ஊர்களில் யுபிஎஸ் கட்டாயச் செலவு. லேப்டாப்பில் அது தேவையில்லை. அந்தச் செலவைச் சேர்த்த பிறகும் கேமுக்கு டெஸ்க்டாப்தான் வலுவானது. ஹாஸ்டல் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், லேப்டாப்தான்.

ஜிடிஏ 6 வரும், அதற்காக இப்போதே வாங்கி வைக்கிறேன் என்பவர்கள் பொறுங்கள். ராக்ஸ்டார் அதைப் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் அறிவித்தது.

என் வரிசை

75 ஆயிரம் வரை முடியும் என்றால் 4050, 16 ஜிபி ராம், நல்ல திரையுள்ள எல்ஓக்யூ. சலுகை நாட்களில் 4050 மாடல்கள் 70 ஆயிரத்தைத் தொட்டிருக்கின்றன, அவசரம் இல்லையென்றால் காத்திருக்கலாம். 65-க்கு மேல் முடியாது என்றால் 3050 6 ஜிபி விக்டஸ். இல்லை, அதே விலைக்கு 4050 நைட்ரோ வி கிடைத்தால் திரையைப் பொறுத்துக்கொண்டு நைட்ரோ வி. இங்கே நான் கார்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். திரை சரியில்லை என்றால் பின்னால் ஒரு மானிட்டர் சேர்க்கலாம், லேப்டாப்பில் கார்டை மாற்றவே முடியாது. 60-க்குக் கீழே 4 ஜிபி 3050 தான் கிடைக்கிறது என்றால், முடிந்தால் இரண்டு மாதம் சேர்த்து வைத்து 6 ஜிபி-க்கு வாருங்கள்.

வாங்கிய பிறகு, மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் மூன்று வேலைகள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, கார்டின் மெமரியும் அதிகபட்ச வாட்டும் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏசி போடாமல், ஃபேன் காற்றில், நீங்கள் எப்படி ஆடுவீர்களோ அப்படியே ஒரு கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ரிவ்யூக்கள் குளிர்ந்த அறையில் எடுத்தவை, நம் ஊர் மே மாத அறையில் சூடு அதற்கு மேல்தான் இருக்கும். முதல் ஐந்து நிமிடத்து எஃப்பிஎஸ்ஸும் அறுபதாவது நிமிடத்து எஃப்பிஎஸ்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பாதியாக விழுந்தால் அன்றைக்கே மாற்றித் தரும்படி புகார் பதிவு செய்யுங்கள்.