சுண்ணாம்புச் சுவரில் உரியும் பெயிண்டுக்கு நாலு அங்குல ஸ்க்ரேப்பரே போதும்

கும்பகோணத்தில் எங்கள் அம்மா வீடு செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டிய பழைய வீடு. வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த வெள்ளை, அதன்மேல் டிஸ்டெம்பர், கடைசியாக எமல்ஷன் என்று சுவரில் அடுக்கு அடுக்காக ஏறியிருக்கிறது. அந்த எமல்ஷன்தான் இப்போது பொருக்குப் பொருக்காக உரிகிறது. அதை எடுக்க, வாடகைக்குக் கிடைக்கிற சுவர் தேய்க்கும் மெஷினை ஒரு அறையிலும், ஹார்டுவேர் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கிய பிளேடு மாற்றும் ஸ்க்ரேப்பரை இன்னொரு அறையிலும் போட்டுப் பார்த்தேன். இந்த மாதிரிச் சுவருக்கு மெஷின் வேண்டவே வேண்டாம்.

மெஷின் மோசமான கருவி இல்லை. பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் புட்டி) பார்த்த சிமெண்ட் சுவரை மட்டப்படுத்த அது அருமையாக வேலை செய்யும். ஆனால் எமல்ஷன் ஒரு வகை பிளாஸ்டிக் படலம். வட்டு சுழலும் சூட்டில் அது இளகி எமரி ஷீட்டில் அப்பிக்கொள்கிறது, ஷீட் சீக்கிரமே வழவழப்பாகிவிடுகிறது. அடியில் இருக்கும் சுண்ணாம்போ மாவாகப் பறக்கிறது. உறிஞ்சும் பை மாட்டியிருந்தும் ஜன்னல் கம்பி வரைக்கும் வெள்ளைத் தூசி. காரைப் பூச்சு மிருதுவானது என்பதால் கை ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றாலும் குழி விழுகிறது.

ஸ்க்ரேப்பர் வேலையில் பாதியைச் செய்வது தண்ணீர். செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, ஒரு ஆள் அகலத்துக்கு நனைத்துவிட்டுக் கால் மணி நேரம் விட வேண்டும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் பழைய வெள்ளையை ஊற வைத்துவிடும். பிறகு பிளேடைச் சுவரோடு நன்றாகப் படுக்க வைத்துத் தள்ளினால் எமல்ஷன் பெரிய பெரிய தோலாகக் கழன்று வரும், வாழை மட்டை உரிப்பது போல. செங்குத்தாகப் பிடித்தால் காரை பெயர்ந்துவிடும். தூசி கிடையாது. விழுவது ஈரப் பொருக்குதான், கீழே விரித்த தார்ப்பாயோடு சுருட்டி எடுத்துவிடலாம். சுவிட்ச் போர்டு பக்கம் போகும்முன் மெயினை அணைத்துவிடுங்கள், இதில் சோம்பல் கூடாது.

எமல்ஷன் போனபின் ஈரக் கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதையும் கழுவித் தேய்த்து எடுத்தால்தான் அடுத்து அடிப்பது நிற்கும். நிறைய பெயிண்டர்கள் இந்த இடத்தில் அவசரப்பட்டு நேரே பட்டி வைத்துவிடுகிறார்கள். சுண்ணாம்புத் தூள் சுவரை விடும்போது பட்டியும் சேர்ந்து விடும்.

அடுக்களையில் கதை வேறு. அங்கே சுவரின் கீழ்ப்பகுதியில் பச்சை எனாமல் (ஆயில் பெயிண்ட்) பட்டை. எது எமல்ஷன், எது எனாமல் என்று சந்தேகம் வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். எமல்ஷன் இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டும், எனாமல் அசையாது. எனாமலுக்குள் தண்ணீர் இறங்காது, ஆகவே அங்கே இந்த ஸ்க்ரேப்பர் உரிந்து நிற்கிற விளிம்புகளை மட்டும்தான் எடுக்கும். அதைவிட முக்கியமாக ஈயம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அதை மெஷினால் உலர்வாகத் தேய்ப்பதும், தீயால் சுடுவதும் கூடவே கூடாது. வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, என்95 மாஸ்க் போட்டு, ஈரத்திலேயே தேய்த்து ஈரத்திலேயே துடைத்து எடுங்கள். சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். குழந்தை மூளையை ஈயம் கெடுத்தால் திருப்பிச் சரிசெய்ய மருந்து கிடையாது.

உரித்துவிட்டால் மட்டும் ஓதம் போய்விடாது. எங்கள் பின்சுவரில் உப்பு பூத்ததற்குக் காரணம் மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய்க் கசிவு. அதை அடைத்து, சுவர் நன்றாகக் காயும் வரை காத்திருந்தோம். காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும், பிளாஸ்டிக் படலம் மூடினால் அது மறுபடியும் தள்ளிக்கொண்டு உரியும். அதனால் கூடத்துக்கு மறுபடி வெள்ளையே அடித்தோம்.

ஸ்க்ரேப்பரில் எனக்கு இரண்டு குறைகள். பிளேடு மாட்டும் திருகு துருப்பிடிக்கிறது, வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்க வேண்டியிருக்கிறது. மூலை முடுக்குக்கு நாலு அங்குலம் அகலம் அதிகம், ஒரு அங்குலப் பட்டித் தகடு தனியாக வேண்டும். பிளேடின் இரண்டு பக்கமும் கூர் என்பதால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். உதிரி பிளேடு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள், திருகு ஓட்டைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.